பாதுகாப்புக்காக ஸ்டேஷனில் உட்கார வைத்தால் அது கைதா? (டெல்லி)

முனிர்காவாசி:
கொலை வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவருக்கு மிரட்டல் வருகிறது. "உங்க சேஃப்டிக்குத்தான், ரெண்டு நாள் இங்கேயே இருங்க" என்று தாணாவில் (போலீஸ் ஸ்டேஷனில்) சொன்னால் இருந்துதான் ஆகணுமா? வேறு வழி என்ன?

திஸ்ஹசாரி பழனி:
ஆகணும்னு இல்லை. வயது வந்த சாட்சியை அவர் சம்மதம் இல்லாமல் 'பாதுகாப்பு' என்று சொல்லி ஸ்டேஷனில் வைக்கப் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. வெளியே போக விடவில்லையா, என்ன பெயர் வைத்தாலும் அது காவலில் அடைத்து வைப்பதுதான். வீட்டார் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

முறையான வழி, உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம். இப்போது பிஎன்எஸ்எஸ் (சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 398-ம் பிரிவும் மாநிலங்கள் இப்படியொரு திட்டம் அறிவிக்கணும் என்கிறது. மாவட்ட செஷன்ஸ் நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கணும். 2018 திட்டப்படி ஏசிபி (உதவி போலீஸ் கமிஷனர்) 5 வேலை நாளில் மிரட்டல் பற்றி அறிக்கை தரணும். அது வந்த 5 வேலை நாளில் குழு முடிவெடுக்கணும். அதுவரை தாங்காது என்றால் இடைக்காலப் பாதுகாப்பையும் அதே மனுவில் கேளுங்க.

ஆர்கேபுரம் மீனா:
மனு அடிபடுவது பெரும்பாலும் அந்த அறிக்கையில்தான். மனுவில் "உயிருக்கு ஆபத்து" என்று ஒற்றை வரி எழுதினால் ஏசிபிக்கு விசாரிக்க எதுவும் இல்லை. தேதி, நேரம், எந்த நம்பர், யார், பேசின ஹிந்தி வார்த்தை அப்படியே எழுதணும். ஆடியோ வந்த போனை மாத்தாதீங்க, ஃபார்மேட் பண்ணாதீங்க. ஒவ்வொரு மிரட்டலுக்கும் 112 அடிச்சு, ஸ்டேஷன் டைரியில் ஏறின டிடி நம்பரை வாங்கிடுங்க. பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேல் கிடையாது. முடியறதுக்கு முன்னாடியே நீட்டிப்பு கேட்கணும்.

முனிர்காவாசி:
நன்றி மேடம். காதல் கல்யாணம் பண்ணின ஜோடிக்கும் இதே மனுதானா?

திஸ்ஹசாரி பழனி:
இல்லை, அது தனி. உச்ச நீதிமன்றத்தின் சக்தி வாஹினி தீர்ப்பு, 2018 மார்ச்: அரசு பாதுகாப்பு இல்லத்தில் முதலில் ஒரு மாதம், பிறகு மாதாமாதம் நீட்டித்து அதிகபட்சம் ஒரு வருஷம். பெண்ணுக்கு 18 ஆகலைன்னா கதையே வேற. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் போகணும். வயசுச் சான்று ஒரிஜினலைக் கையில் வெச்சுக்கச் சொல்லுங்க, முதல் கேள்வியே அதுதான்.