நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்கிறவர்கள்: பார்த்ததைச் சொல்லுங்கள்

பிசியோ_செல்லூர்
பார்க்கின்சன் என்பது மூளையில் டோபமின் (செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகும் வேதிப்பொருள்) சுரக்கும் செல்கள் அழிந்து, அசைவு மெதுவாகி உடம்பு விறைக்கும் நோய். செல்லூரில் ஒரு வீடு. பெரியவர் தாழ்வாரம் முழுக்க நன்றாக நடந்து வந்தார். நிலைப்படிக்கு ஒரு முழம் முன்னால் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொண்டன. மேலுடம்பு மட்டும் முன்னே சாய்கிறது. "அடம் பண்ணாம வாங்கப்பா" என்று மகன் கையைப் பிடித்து இழுத்தார். தூண் இல்லாவிட்டால் விழுந்திருப்பார். மருமகளிடம் கோலச் சாக்பீஸ் வாங்கி, நிலைக்கு முன்னால் குறுக்காக நாலு கோடு, ஒன்றரை அடி இடைவெளியில். முதல் கோட்டைப் பார்த்தார், தாண்டினார். அடுத்தது, அடுத்தது. தெருவில் நிற்கிறார்! மகன் வாயடைத்து நின்றது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

யோசிக்காமலே நடை ஓடுவதற்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி வேண்டும், அதற்கு டோபமின் வேண்டும். கோட்டைப் பார்த்துக் கால் வைக்கும்போது பார்வைப் புலனும் சிறுமூளையும் வேறு பாதையில் வேலையை எடுத்துக்கொள்கின்றன. நெடுக்கில் போட்ட கோடு உதவாது. சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு வெள்ளை, வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்பு. டேப் ஒட்டினால் ஓரம் எழும்பாமல் பாருங்கள், அதுவே தடுக்கிவிடும்.

மருந்துக்கடை_திருமங்கலம்
முதலில் அது பார்க்கின்சன்தானா என்று பாருங்க சார். ஒரு அம்மா, முகத்தில் அசைவே இல்லை, சில்லறையை எண்ணி எடுக்கவே ரெண்டு நிமிஷம். பை நிறைய பழைய சீட்டு. "கேஸ் மாத்திரை" என்று எட்டு மாசமா விடாமல் சாப்பிட்டது லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூல். டோபமின் வந்து உட்காரும் டி2 ஏற்பியை, அதாவது செல்லின் மேல் சேதி வாங்கும் இடத்தை, அது அடைத்துக்கொள்ளும். செல் உயிரோடு இருக்கும், சேதிதான் போய்ச் சேராது. தலைசுற்றலுக்கு மாசக்கணக்கில் தரும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோபிரமைடு எல்லாம் இதே கதைதான். டாக்டர் நிறுத்தியபின் பல பேருக்குச் சரியாகும், ஆனால் வாரங்களோ மாதங்களோ ஆகும். பார்க்கின்சன் இருக்கிறவருக்கு வாந்தி என்றால் டாம்பெரிடோன் பரவாயில்லை, அது மூளைக்குள் அதிகம் போகாது. இதயத்துடிப்புக் கோளாறு இருந்தால் அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான்.

கீழவாசல்
கோட்டைப் பற்றிச் சொன்ன அண்ணே, மாத்திரை நேரத்தைக் கேட்டீங்களா? கேட்காம கோடு போட்டு என்ன புண்ணியம். நான் பார்த்தவர் வாரம் ஆறு நாள் நல்லாத்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சட்டைப் பொத்தான் மேல் வைத்த விரல் அப்படியே நின்றுவிடும். காலையிலேயே ஆட்டுக்கால் பாயா, குடல் குழம்பு. அந்தத் தட்டோடேயே மாத்திரையும்.

அந்த மாத்திரையில் இருப்பது லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது. அது ஒரு அமினோ அமிலம். கறியில் இருக்கும் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதுவும் சிறுகுடலில் ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும்போது மறுபடியும் அதே நெரிசல். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணிக்கு மேல். வெறும் வயிற்றில் குமட்டினால் ரெண்டு மேரி பிஸ்கட், பால் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும், ரெண்டு மணி தள்ளிப் போடுங்க. மாத்திரையில் 100/25 என்று இருந்தால் 25 கார்பிடோபா. லெவோடோபா மூளைக்கு வெளியிலேயே டோபமினாக மாறி வீணாகாமல் காப்பது அதுதான். மொத்த நாளுக்கு அது 70 மில்லிகிராமாவது சேராவிட்டால் குமட்டல் அதிகம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மாத்திரை நேரம் எழுதிய தாளைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்க. திடீரென நிறுத்தினால் காய்ச்சல், உடம்பு விறைப்பு, உயிருக்கே ஆபத்து.

மூலிகைப்பிரியன்
இதற்குப் பூனைக்காலி விதை இருக்கையில் எதற்கு இத்தனை கெமிக்கல்?

மருந்துக்கடை_திருமங்கலம்
பூனைக்காலியில் இருப்பதும் லெவோடோபாதான் அண்ணே, அதே கெமிக்கல். விதைக்கு விதை அளவு மாறும், கார்பிடோபா கிடையாது. மாத்திரையோடு ரகசியமாகப் பொடியும் கலந்து சாப்பிட்ட ஒருத்தருக்கு, அளவு மீறிப்போய், கழுத்தும் தோளும் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே இருந்தது. மூலிகை ஒன்றும் செய்யாது என்பவர்களுக்கு: 1957ல் ஸ்வீடனில் கார்ல்சன் என்ற விஞ்ஞானி, மூளையின் டோபமினைக் காலி செய்யும் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்து அசையவிடாமல் செய்தார், லெவோடோபா ஊசி போட்டதும் அவை எழுந்துவிட்டன. அந்த ரெசர்பின் நம்ம சர்ப்பகந்தா வேரில் இருப்பது. 2000ல் அவருக்கு நோபல்.

நர்ஸ்_மேலூர்
நடையைப் பற்றியே பேசுறீங்க. ஒரு ரிட்டயர்டு வாத்தியார், வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. டோபமின் மாதிரியே வேலை செய்யும் பிரமிபெக்சோல் என்ற பார்க்கின்சன் மாத்திரையின் அளவு கூடிய ரெண்டாவது மாசம், ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சம், ஆன்லைன் ரம்மி. பிடித்தபோது அழுதார். வீட்டில் குணம் கெட்டுவிட்டது என்றார்கள். அந்த மருந்து டி3 ஏற்பியைத் தூண்டும். அது நிறைய இருப்பது பரிசை எதிர்பார்த்துத் துடிக்கும் பகுதியில். டாக்டர் படிப்படியாகக் குறைத்தார், ஆசையும் அடங்கியது.

மருந்துச் சீட்டில் பிரமிபெக்சோலோ அதே ரகமான ரோபினிரோலோ இருந்தால் பாஸ்புக்கை மாசம் ஒருமுறை பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், வெட்கம். நாமாகத்தான் கேட்க வேண்டும்: சூதாட்டம், கண்டபடி வாங்குவது, தின்பது, இன்னொன்றும் இருக்கிறது, காம ஆசை மீறுவது, அதையும் கேளுங்கள்.

பிசியோ_செல்லூர்
@கீழவாசல், கேட்டேன். காலை இட்லி சாம்பாரோடுதான் போட்டிருக்கிறார். நேரத்தை மாற்றச் சொல்லியாச்சு. கோடும் இருக்கட்டும்.