மறு: எலைசாவுக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

உப்புவெளியிலிருந்து:
வணக்கம். ஆய்வுகூடப் பயிலுநர்களுக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. நடுநிலைநாடிகள் என்ற வெண்குருதிக்கலங்களில் உள்ள மயலோபெரொக்சிடேஸ் என்ற நொதியத்தை (என்சைமை) எலைசா (ELISA) என்ற ஆய்வுமுறையால் அளக்கும் பாடத்துக்கு ‘நொதியம் இணைந்த நிர்ப்பீடனப் புறத்துறிஞ்சல் கணிப்பு’ என்று தலைப்பிட்டேன். “இணைந்த நொதியமும் நாங்கள் அளக்கிற நொதியமும் ஒன்றா மிஸ்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். இல்லை. ஆய்வுத்தட்டின் குழியடியில் ஒட்டிய பிறபொருளெதிரி (antibody) மாதிரியில் உள்ள நொதியத்தைப் பிடிக்கும். இன்னொரு பிறபொருளெதிரி அதை மேலிருந்து பிடிக்கும். இந்த இரண்டாவதன் முதுகில்தான் நிறம் தரும் நொதியம், பெரும்பாலும் குதிரைமுள்ளங்கிப் பெரொக்சிடேஸ். இரண்டுமே பெரொக்சிடேஸாக வாய்த்தது அவள் தலைவிதி.

திருகோணமலை நகரிலிருந்து:
நிர்ப்பீடனம் வடமொழி, ‘தடுப்பாற்றல்’ என்க. ‘நொதியம்’ என்ற சொல்லில் குறையில்லை. கள் நொதிக்கிறது, மா நொதிக்கிறது. 1870களில் ஜேர்மன் உடற்றொழிலியலாளர் கூனே என்சைம் என்று பெயரிட்டதும் புளிமாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்தே. அவரும் நாமும் ஒரே பானைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறோம்! நொதுமலுக்கும் இதே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம்.

மூதூரிலிருந்து:
நொதுமலாளர் அயலார் ஐயா, அவர்கள் எங்கே நொதித்தார்கள்? பாடநூலில் நிர்ப்பீடனம்தான் இருக்கிறது. தூய்மைக்காகப் பிள்ளைகள் புள்ளி இழக்க வேண்டுமா?

சென்னையிலிருந்து:
இங்கே ‘நொதி’ போதும். ‘அம்’ எதற்கு?

உப்புவெளியிலிருந்து:
‘அம்’ இருக்கட்டும், சண்டை வேண்டாம். என் சிக்கல் வேறு. முன்பு பிறபொருளெதிரியிலோ அது பிடிக்கும் பொருளிலோ கதிரியக்கச் சமதானியை (ஐசோடோப்பை) ஒட்டினார்கள். 1971இல் சுவீடன் ஆய்வாளர்கள் எங்வாலும் பேர்ல்மனும் எலைசாவை அறிவித்தபோது அந்த இடத்துக்கு நொதியம் வந்தது. ஆகவே பெயரில் உள்ள நொதியம் வெறும் அடையாளம். அதை ‘நிறந்தரு நொதியம்’ என்றும் அளக்கப்படுவதை ‘இலக்கு நொதியம்’ என்றும் எழுதப்போகிறேன். இலக்கை இரு பிறபொருளெதிரிகள் நடுவே பிடிக்கும் ‘சான்ட்விச்’ முறைக்கு ‘இருபிடி’. அப்புறம், நிறத்தை 450 நானோமீற்றர் ஒளியில் வாசிப்பது இலக்கின் செறிவைத்தான் தரும், தொழிற்பாட்டை அல்ல. செயலிழந்த நொதியத்தையும் பிறபொருளெதிரி பிடித்துக்கொள்ளலாம். ‘நொதியக் கணிப்பு’ என்று சுருக்கினால் இந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

மூதூரிலிருந்து:
இருபிடி நன்று. தலைப்பில் ‘எலைசா’ என்றே விடுங்கள், நீளப்பெயர் அடியில் ஒருமுறை வரட்டும்.

சென்னையிலிருந்து:
சரி.

திருகோணமலை நகரிலிருந்து:
பெரும்பான்மை அப்படியென்றால் அச்சுக்குக் கொடுங்கள். ஆனால் என் மறுப்பையும் பதிந்துகொள்க: கணிப்பு சாதகத்துக்கு, ஆய்வுகூடத்துக்கு ‘அளவீடு’. நொதுமல் பற்றித் தனி மடலில் வருகிறேன்.