இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே டிஎச்டி (ஒலித் திரிபின் அளவு), இடது பக்கம் மட்டும் ஏன் இரைகிறது?

நிழற்குடை:

வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது.

என்னிடம் இருப்பது பின்பக்கம் திறந்த டைனமிக் ஹெட்போன், நாலு வருடப் பழசு. பேஸ் கிடார் கீழே இறங்கும்போது இடது பக்கத்தில் மட்டும் 'ட்ர்ர்' என்று ஒரு சத்தம், காகிதத்தில் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி. வலது பக்கம் சுத்தம். சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று ஒரு பலகையில் துளை போட்டு, சின்ன அளவீட்டு மைக்கை அதில் மட்டமாகப் பதித்து, மேலே ஹெட்போனைக் கவிழ்த்து ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு மென்பொருளில் ஸ்வீப் (கீழிருந்து மேல் வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டினேன்.

94 டெசிபலில், 40 ஹெர்ட்ஸுக்கு டிஎச்டி இடது 1.8 சதவீதம், வலது 1.6. 1000 ஹெர்ட்ஸில் இரண்டுமே 0.2 சொச்சம். 9000 பக்கத்தில் இரண்டிலும் ஊசி மாதிரி 3 சதவீதத்துக்கு ஏறி இறங்குகிறது.

1.8க்கும் 1.6க்கும் நடுவில் இருக்கிற அந்தத் துளியா காதில் இப்படி விழுகிறது? இன்னொரு கூத்து: சத்தத்தை 20 டெசிபல் குறைத்து மறுபடி ஓட்டினால் பேஸில் 6 சதவீதம் என்று காட்டுகிறது. குறைத்தால் நல்லதாகத்தானே ஆக வேண்டும்? பொய் சொல்வது காதா, மைக்கா?

அதிரடி:

பேஸில் 1.8 எல்லாம் யாருக்கும் கேட்காது நண்பரே. ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் எல்லாமே இரைவது போலத்தான் இருக்கும். கிராஃபை மூடிவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்.

சாலிடர்புகை:

அதிரடி சொல்வதில் பாதி சரி. 40 ஹெர்ட்ஸில் 1.8 சதவீதம் பெரும்பாலும் கேட்காது. ஆனால் அந்த 1.8 எதனால் ஆனது என்று பார்க்காமல் மனப்பிரமை என்று சொல்லிவிட முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஹெட்போன்களைப் பிரித்து மாட்டுகிறவன் நான். 'ட்ர்ர்' என்று யாராவது சொன்னால் முதலில் நம்பிவிடுவேன்.

டிஎச்டி என்பது ஒரு கூட்டுத்தொகை. நீங்கள் 40 ஹெர்ட்ஸ் கொடுக்கிறீர்கள். டயாஃப்ரம் (உள்ளே அதிரும் மெல்லிய சவ்வு) அதோடு 80, 120, 160 என்று மடங்குகளையும், அதாவது ஹார்மோனிக்குகளையும், தானாகச் சேர்த்துப் பாடுகிறது. அவை எல்லாவற்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மூல ஒலியோடு ஒப்பிட்டால் அந்தச் சதவீதம். 1 சதவீதம் என்றால் மூல ஒலிக்கு 40 டெசிபல் கீழே, 0.1 என்றால் 60 கீழே. இந்தக் கணக்குக்கு இரண்டாவது மடங்கும் பன்னிரண்டாவது மடங்கும் ஒன்றுதான். காதுக்கு அப்படி இல்லை.

சுரத்தில் சொன்னால் சுலபம். 40 ஹெர்ட்ஸை ச என்று வையுங்கள். இரண்டாவது ஹார்மோனிக் மேல் ச, மூன்றாவது அதற்கு மேலே ப, நாலாவது இன்னொரு ச, ஐந்தாவது அந்தர காந்தாரம். எல்லாம் சுருதிக்குள் ஒட்டிக்கொள்ளும், கேட்டால் 'கொஞ்சம் கனமாக இருக்கிறதே' என்று தோன்றும், அவ்வளவுதான். ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாம் எந்தச் சுரத்திலும் ஒழுங்காக உட்காராது. அதோடு, பலமான கீழ் ஒலி தனக்குச் சற்று மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை மூடிவிடும். தள்ளிப் போகப் போக அந்த மூடாப்பு மெலிந்துவிடும். 80 ஹெர்ட்ஸ் ஒளிந்துகொள்ளும், 480 ஒளியாது. மேலும் நம் காது 480இல் கூர்மை, 40இல் மந்தம். கெடஸ், லீ என்ற இருவர் 2003இல் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்து, டிஎச்டி எண்ணுக்கும் காதுக்குத் தெரியும் கெடுதலுக்கும் பெரிய தொடர்பில்லை என்று காட்டிவிட்டார்கள். அப்புறமும் பெட்டிமேல் ஒற்றை எண்தான் அச்சாகிறது. எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு சத்தத்தில் என்பதைப் பாதிப் பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது. அது என் பழைய எரிச்சல், விடுங்கள்.

இப்போது உங்கள் எண்ணையே எடுப்போம். வலது பக்கம் 1.6 முழுக்க இரண்டாவது, மூன்றாவது ஹார்மோனிக் என்று வையுங்கள். இடது பக்கம் அதே 1.6ஓடு எட்டிலிருந்து பதினைந்து வரை ஒவ்வொன்றும் கால் சதவீதம் கூடுதலாக வந்தால் மொத்தம் எவ்வளவு? வர்க்கக் கணக்கில் 1.75தான். எண் நகரவே இல்லை. ஆனால் 320 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை எட்டு ஒலிகள் தலா 42 டெசிபலில் நிற்கின்றன. அமைதியான அறையில் தாழ்ந்த குரலில் பேசுவதற்கு அது பக்கம். உங்கள் ஈ அங்கேதான் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

அதனால் ஸ்வீப்பை விட்டுவிட்டு 40 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியை மட்டும் ஓடவிட்டு ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள், இடதும் வலதும் தனித்தனியாக. நல்ல டிரைவரில் (கப்புக்குள் ஒலி எழுப்பும் பாகம்) ஹார்மோனிக்குகள் படிக்கட்டு மாதிரி சட்டென்று இறங்கிவிடும். எதாவது உரசினால் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நீளும். அப்படியே ஆம்பில் இடது வலது ஒயரை மாற்றிப் போட்டும் கேளுங்கள். இரைச்சல் அதே கப்பில் நின்றால் டிரைவர் பக்கம்தான் கோளாறு, அடுத்த காதுக்குத் தாவினால் ஆம்ப் அல்லது ஒயர்.

மெல்லிசைக்காரி:

குறைத்தால் 6 சதவீதம் ஆன கதைக்கு என் பதில். நீங்கள் அளந்தது ஹெட்போனை இல்லை, உங்கள் அறையை. இரண்டாவது ஹார்மோனிக் பொதுவாக, மூல ஒலியை 20 டெசிபல் குறைத்தால் அதோடு ஒப்பிட இன்னும் 20 டெசிபல் இறங்கும், மூன்றாவது 40 இறங்கும். 1.6 என்பது 0.16 அளவுக்கு வந்திருக்க வேண்டும். ஏறுகிறது என்றால் ஃபேன், ஃப்ரிட்ஜ், தெருவில் போகும் வண்டி எல்லாம் ஹார்மோனிக் கணக்கில் நுழைந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்வீப்பை நீளமாக்கி ஓட்டுங்கள். நீளத்தை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் லாபம்.

மைக்கையும் சும்மா விடாதீர்கள். 500 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்துக்கொண்டு, ஆம்பைத் தொடாமல் ஹெட்போனை மட்டும் பலகையிலிருந்து தூக்குங்கள். மைக்கில் 10 டெசிபல் குறையட்டும். சதவீதமும் சேர்ந்து இறங்கினால் திரிந்தது மைக். அசையாமல் நின்றால் ஹெட்போன்.

9000இல் ஏறுவது பெரும்பாலும் பொய்த் தோற்றம். கப்புக்குள் எதிரொலித்து அந்த இடத்தில் மூல ஒலி பள்ளத்தில் விழுந்திருக்கும். வகுக்கும் எண் சின்னதானால் விடை பெருக்கத்தானே செய்யும்? ஹெட்போனை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துங்கள், அதுவும் கூடவே நகரும். 9000இன் இரண்டாவது ஹார்மோனிக் 18000. அதைக் கேட்கிற காது இருந்தால் வாழ்த்துகள்.

நிழற்குடை:

இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்துவிட்டேன்.

ஃபேனை நிறுத்தினதும் 6 சதவீதம் 0.4க்கு வந்துவிட்டது. 9000 சமாச்சாரம் ஹெட்போனை நகர்த்தினதும் 8200க்கு ஓடிப்போனது. ஒயரை மாற்றினேன், இரைச்சல் அதே கப்பில். ஒற்றை ஒலி ஸ்பெக்ட்ரத்தில் வலது பக்கம் நாலு படியில் தரையைத் தொட்டுவிட்டது. இடது பக்கம் சாலிடர்புகை சொன்ன சீப்பு, பதினெட்டாவது பல் வரை எண்ணினேன்.

இயர்பேடைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு முடி. என்னுடையதுதான். இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், கிரில் ஓட்டைக்குள் ஒரு நுனி புகுந்து டயாஃப்ரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ட்வீசரால் பிடித்து இழுத்துவிடலாமா?

சாலிடர்புகை:

இரும்பு ட்வீசரைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள்! உள்ளே இருக்கிற காந்தம் அதை வெடுக்கென்று இழுக்கும், நுனி டயாஃப்ரத்தைக் குத்திவிடும். அப்படி ஒன்றை நானே ஓட்டையாக்கியிருக்கிறேன். வாயால் ஊதவும் வேண்டாம். ஒட்டு டேப்பைச் சுருட்டி ஒட்டும் பக்கம் வெளியே இருக்கிற மாதிரி வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒற்றி எடுங்கள். வரவில்லை என்றால் பிளாஸ்டிக் ட்வீசர்.

நிழற்குடை:

டேப்பிலேயே வந்துவிட்டது. இடது பக்கம் இப்போது 1.6. ஈ போயே போச்சு.