மறுமொழி: ‘சிக்கன் பிக்கிங்’ – கோழியை வைத்துக்கொள்வதா, விடுவதா?

அனைவருக்கும் வணக்கம். கித்தார்ச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் ‘சிக்கன் பிக்கிங்’ என்பது அமெரிக்கக் கன்ட்ரி இசையின் ஒரு வாசிப்பு முறை. அதற்கு வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மா எழுதியிருந்தது இது:

> ‘கோழி மீட்டல்’ என்றே வைத்துவிடலாமே. மூலத்தில் கோழி இருக்கிறது. தமிழிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இருந்துவிட்டுப் போகலாம்தான், அம்மா. ஆனால் ‘கோழி மீட்டல்’ என்று முதன்முதலாகக் கேட்பவர், களவுபோன கோழியை யாரோ மீட்டு வந்ததாகத்தான் நினைப்பார். யாழ் மீட்டல் என்றால் குழப்பமில்லை.

கித்தாரில் கன்ட்ரி பாணியைப் பழகத் தொடங்கி எனக்கு ஒன்றரை ஆண்டு ஆகிறது. அந்த உரிமையில், கையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பெருவிரலும் சுட்டுவிரலும் பிக்கை (தந்தியைத் தட்டும் சிறு வில்லையை) பிடித்திருக்கின்றன. நடுவிரலும் மோதிரவிரலும் தந்தியை அடியிலிருந்து கொக்கிபோலப் பற்றி, மேலே இழுத்து விடுகின்றன. இழுபட்ட தந்தி திரும்பிப் போய், கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளான மெட்டுகளில் அறைகிறது. அந்தச் சுரம் முழுதாக ஒலிப்பதற்குள் பிக் அதே தந்தியின்மேல் வந்து உட்கார்ந்து அதன் வாயை அடைத்துவிடுகிறது. இடக்கை விரலும் இதற்குள் அழுத்தத்தைத் தளர்த்தியிருப்பதால், அடுத்து பிக் தட்டும்போது சுரம் பிறப்பதில்லை. ‘டிக்’ என்று ஒரு செத்த ஓசை மட்டும் வரும். செத்த ஓசை ஒன்று, உயிருள்ள சுரம் ஒன்று என்று மாறி மாறி விரைவாக வந்தால், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும் கோழியின் ‘கொக், கொக்’ கேட்கும். பெயரில் கோழி வந்தது இப்படித்தான்.

முதல் மூன்று வாரமும் எனக்குக் கோழி வரவில்லை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, மூன்றாம் தந்தியில் ஒரே சுரத்தைச் சாதகம் செய்தேன். விரல் இழுப்பது எளிது. பிக்கைச் சரியான நொடியில் தந்தியில் கிடத்துவதுதான் வரவே இல்லை. சிறிது பிந்தினால் சுரம் வழிந்துவிடும், முந்தினால் சுரமே இராது. நடுவிரல் நகம் இரண்டு முறை கிழிந்தது. நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிப்பவர்கள் சிலர் ஏன் செயற்கை நகம் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. லூயிசியானாவைச் சேர்ந்த கித்தார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் வேறு வழி கண்டார்: கையில் பிக், நடுவிரலில் விரலுறைபோல இன்னொரு பிக். 1957-இல் வெளிவந்த ‘சூசி க்யூ’ இசைத்தட்டில் அவர் வாசித்திருப்பதைக் கேட்டுப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது பதினெட்டுக்கூட நிரம்பவில்லை.

சென்ற வாரம் இங்கே ஒருவர் சிலப்பதிகாரக் கானல்வரியிலிருந்து ‘வடித்தல்’ என்பதை எடுத்துக் கொடுத்திருந்தார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்யும் தொழில் என்று பழைய உரை சொல்கிறது. நம் ஆளுக்கு அந்த இரண்டு விரல்களும் பிக்கைப் பிடிப்பதிலேயே சிறைப்பட்டுவிட்டன. வேலை செய்வது மற்ற இரண்டு. யாழ் வாசிப்புக்குச் சொல்லப்பட்ட கைத்தொழில்களான எட்டு இசைக்கரணங்களில் எதையாவது இதற்கு ஒட்டவைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை.

என் முன்மொழிவு: ‘சொடுக்கு மீட்டல்’. சாட்டையைச் சொடுக்குவதுபோலத் தந்தி திரும்பி அறைகிறது. ஓசை அங்கேயே வெட்டுப்படுகிறது என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கூடவே இன்னொன்று. கன்ட்ரி கித்தாரின் கூரிய தெறிப்பொலியான ‘ட்வாங்’ என்பதற்கு நான் ‘நாணொலி’ என்று எழுதி வருகிறேன். வில்லின் நாணைத் தெறித்தால் எழுவது நாணொலி. ஆங்கிலச் சொல்லும் வில்நாணுக்குப் பொருந்துவதுதான். டெலிகாஸ்டர் என்ற மின்கித்தாரில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு) அருகே, எஃகுத் தகடு ஒன்றில் சாய்வாகப் பதித்த பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் உறுப்பு) இருக்கிறது. குதிரையை ஒட்டித் தந்தியின் அசைவு குறைவு. அதனால் அடிச்சுரம் மெலிந்து, மேல்நிலைத் துணையொலிகள் தூக்கலாகக் கேட்கின்றன. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்கு மாற்றிப் பாருங்கள், ஒலி உருண்டையாகி நாணொலி மறைந்துவிடும்.

அன்புடன்.

———

தம்பி, வணக்கம்.

கோழியை விடச் சொல்கிறீர்கள். எனக்கு மனம் வரவில்லை. அது வயல்காட்டு மனிதர்கள் தங்கள் வாத்தியத்தைத் தாங்களே கேலி செய்துகொண்டு வைத்த பெயர்போல எனக்குப் படுகிறது. அந்தக் கேலியை எடுத்துவிட்டால் பரிசோதனைக்கூடச் சொல்லாகிவிடும்.

‘சொடுக்கு’ உங்களுக்குக் கிடைக்காது. கணினித் தமிழில் சுட்டியைச் ‘சொடுக்குக’ என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லை அவர்கள் பட்டா போட்டுக்கொண்டுவிட்டார்கள். ‘சுண்டு’ என்று பாருங்கள். நாணயத்தைச் சுண்டுகிறோம், கயிற்றைச் சுண்டி இழுக்கிறோம். வெடுக்கென்று இழுத்து விடுவது அதில் வந்துவிடுகிறது. ஒலியை அடைப்பதையும் சேர்க்கவேண்டும் என்று ‘சுண்டடை’ வரைக்கும் நேற்று இரவு போய்ப் பார்த்தேன். சுண்டலும் அடையும் ஒரே இலையில் வைத்ததுபோல இருந்தது. ‘கொக்கரிச் சுண்டல்’ அதைவிட மோசம், அசைவச் சுண்டலாகிவிட்டது.

‘பெண்ட்’ என்பதற்கு நீங்கள் பட்டியலில் ‘வளைத்தல்’ என்று போட்டிருக்கிறீர்கள். வளைவது தந்தி, உயர்வது சுரம். வீணையில் ஒரு மெட்டில் நின்றபடியே தந்தியை இழுத்து மேல் சுரத்தை எழுப்புவதற்கு ‘ஒடுக்கல்’ என்று பெயர். 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் நூலில் கமகங்களுள் (சுரத்தை அசைத்து அழகூட்டும் முறைகளுள்) ஒன்றாக இருக்கிறது. நான் நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சொல். குதிரையையும் மெட்டையும் வீணையிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள், இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாணொலி மிக நன்று. ஆனால் கணக்குப் புத்தகத்தில் வட்டத்தின் குறுக்கே ஒரு ‘நாண்’ ஓடுகிறது. அதே ஆங்கிலச் சொல்தானே என்று சிலர் கித்தாரில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ‘கார்டு’க்கும் ‘நாண்’ என்று எழுதிவிட்டார்கள். எச்சரிக்கையாக இருங்கள்.

———

அம்மா,

ஒடுக்கலை இரு கை நீட்டி வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. வீணையில் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் மெட்டில் தந்தியை வெகுதூரம் இழுக்க இடம் இருக்கிறது. கித்தாரில் ஒரு முழுச்சுரம் ஏற்றுவதற்கே அந்தக் காலத்துத் தடித்த தந்திகள் விரலைத் தின்றன. பர்ட்டன் பாஞ்சோ என்ற வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுவே. கன்ட்ரிக்காரர்கள் இரண்டு தந்திகளை ஒன்றாக ஒலிக்கவிட்டு, ஒன்றை அசையாமல் நிறுத்தி மற்றதை மட்டும் ஏற்றுவார்கள். மிதிகட்டையால் சுரம் ஏற்றும் பெடல் ஸ்டீல் வாத்தியத்தைப் பார்த்துச் செய்வது இது. இதற்கு ‘ஒருதந்தி ஒடுக்கல்’ என்று எழுதுகிறேன். கிளாரன்ஸ் வைட், ஜீன் பார்சன்ஸ் என்ற இசைக்கலைஞர்கள் கித்தாருக்குள் நெம்புகோல் வைத்து, கித்தாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் தோள்வார் அதை இழுத்து இரண்டாம் தந்தி ஏறும்படி செய்தார்களே, அது ‘தோள்வார் ஒடுக்கல்’.

பெயர் ஏற்கெனவே பிறருடையது என்ற தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. லியோ ஃபெண்டர் 1950-இல் தம் கித்தாருக்கு ‘பிராட்காஸ்டர்’ என்று பெயர் வைத்தார். கிரெட்ச் நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் டிரம் விற்றுக்கொண்டிருந்தது. பெயரை வெட்டியெறிந்துவிட்டு, 1951-இல் ‘டெலிகாஸ்டர்’ முடிவாகும் வரை பெயரில்லாமலே கித்தார்களை அனுப்பினார்கள். இன்று அந்தப் பெயரில்லாதவற்றுக்கும் நல்ல விலை!

ஆகவே ‘சொடுக்கு’ கணினிக்கே இருக்கட்டும். கையின் செயலுக்குச் ‘சுண்டு மீட்டல்’. அதிலிருந்து எழும் ஒலிக்குக் ‘கொக்கரிப்பு’. “சுண்டு மீட்டலில் கொக்கரிப்பு இன்னும் சுத்தமாக வரவில்லை” என்று என்னைப் பற்றி நானே ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், தடையில்லாமல் ஓடுகிறது. உங்கள் கோழியும் பிழைத்துக்கொண்டது. ‘கார்டு’க்கு நாண் வேண்டாம் என்பதையும் பட்டியலில் குறித்துவிட்டேன்.

மீதமிருப்பது ‘ஸ்லாப்பேக்’. 1950-களில் மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதன் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் ஒலிநாடாக் கருவியைக் கொண்டு உண்டாக்கியது. நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு பிந்தி, ஒரே ஒரு முறை திரும்பி வரும் ஒலி. ‘அறை எதிரொலி’ என்று எழுதினேன். எழுதியபின் பார்த்தால், அது கன்னத்தில் விழும் அறையா, குடியிருக்கும் அறையா என்று எனக்கே தெரியவில்லை. வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?