ஜீவனாம்ச பாக்கி ஒரு வருஷத்தைத் தாண்டிருச்சு, இனி வசூலிக்க முடியாதா?

மழைக்காலம்:
நானும் கணவரும் பிரிஞ்சு இருக்கோம். பையனுக்கு மாசாமாசம் பணம் என் கணக்குல போடணும்னு குடும்ப நல நீதிமன்றத்துல குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ன் கீழ ஆணை இருக்கு. முதல்ல ஒழுங்கா வந்துச்சு. வேலை போயிருச்சுன்னு சொல்லி நிறுத்தினவர், 14 மாசமா எதுவும் போடல. நடுவுல ஒரு டேர்ம் ஸ்கூல் ஃபீஸை நேரா கட்டிட்டு, ரசீதை போட்டோ எடுத்து "பாக்கியில கழிச்சுக்கோ"ன்னு அனுப்பினார். இப்ப கேட்டா "பையனை அனுப்பு, பணம் வரும்"ங்கிறார். ஒரு வருஷம் தாண்டினா பாக்கி அவ்வளவுதான்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. நிஜமா?

நடுவுல_நான்:
ஆமாங்க, போச்சு. வந்தவரைக்கும் லாபம்னு பேசி பாதிக்கு முடிச்சுக்கோங்க.

பழைய வாய்தா:
பாதிக்கெல்லாம் ஒத்துக்காதீங்க சகோதரி. அந்த ஒரு வருஷம், பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்டு மனு போடுறதுக்கான கெடு. ஒவ்வொரு மாசத் தொகைக்கும் அது கட்ட வேண்டிய தேதியிலிருந்து தனித்தனியா எண்ணணும். உங்க கணக்குல பழைய ரெண்டு மாசம்தான் கெடு தாண்டியிருக்கு. மீதிக்கு உடனே மனு போடுங்க. தள்ளத் தள்ள பின்னாடியிருந்து ஒவ்வொரு மாசமா உதிரும். அவர்கிட்ட பேசணும்னா மனு போட்டுட்டுப் பேசுங்க.

அந்த ரெண்டு மாசமும் செத்த கடன் இல்ல. கெடு தாண்டினதால பணத்துக்கான உரிமை போயிடாதுன்னு 2013-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. ஜீவனாம்ச ஆணையை சிவில் கோர்ட் பணத் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம்னு 2020 நவம்பர் தீர்ப்புல இருக்கு. மாசச் சம்பளக்காரரா இருந்தா, சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவுப்படி சம்பளத்துல மூணுல ஒரு பங்கை அவருக்கு விட்டுட்டு மீதியை ஜப்தி கேட்கலாம்.

முன்னாடியே ஏதாவது பாக்கி மனு கெடுவுக்குள்ள போட்டு நிலுவையில இருக்கா? இருந்தா கதையே வேற, அடுத்தடுத்த பாக்கியையும் அதோட சேர்க்க வழியிருக்கு.

மழைக்காலம்:
இல்ல சார், இதுவரை எதுவுமே போடல. வேலை இல்லாதவரை என்ன பண்ண முடியும்? ஃபீஸ் கட்டினதைக் கழிச்சுடுவாங்களா?

பழைய வாய்தா:
வேலை போனா, தொகையைக் குறைக்கச் சொல்லி அவர்தான் மனு போடணும். பழைய சட்டத்துல 127, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புதுச் சட்டத்துல 146. கோர்ட் மாத்துற வரைக்கும் பழைய தொகைதான் ஓடும். 2024 ஜூலை 1-ல புதுச் சட்டம் வந்ததுல 125 இப்ப 144 ஆயிருச்சு. உங்க பழைய ஆணை செல்லும், அதுல பயம் வேண்டாம்.

ஃபீஸ் விஷயத்தை நீங்களே மனுவுல சொல்லிடுங்க. ஆணையில உங்க கணக்குல போடணும்னு இருக்கும்போது, அவரா ஒண்ணைக் கட்டிட்டு அவராவே கழிச்சுக்க முடியாது. கழிக்கலாமா வேண்டாமான்னு நீதிபதி பார்ப்பார். மறைச்சு வச்சு, அவர் ரசீதை நீட்டினா உங்க மொத்தக் கணக்கு மேலயும் சந்தேகம் வரும்.

குட்டிமா அம்மா:
பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வச்சுக்கோங்க அக்கா. மாசம், கட்ட வேண்டிய தேதி, வந்தது, பாக்கின்னு ஒரே தாள்ல எழுதுங்க. யூபிஐ-ல வந்ததுக்கு அவர் என்ன குறிப்பு போட்டிருக்கார்னும் பாருங்க. எங்க கேஸ்ல பர்த்டே கிஃப்ட்னு போட்டு அனுப்பின காசை எல்லாம் பின்னாடி ஜீவனாம்சம்னு காட்டினாங்க. வக்கீல் ஃபீஸ் கஷ்டம்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல கேளுங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. போன் 15100.

தனியா ஒரு அப்பா:
ஒரு அப்பாவா சொல்றேன், பையனைப் பார்க்க விடாம இருந்தா அவருக்கும் வலிக்கும்ல?

பழைய வாய்தா:
வலிக்கும் சார். அதுக்குப் பார்க்கும் உரிமை கேட்டுத் தனி மனு இருக்கு. பார்க்க விடலைன்னு பணத்தை நிறுத்தக் கூடாது, பணம் வரலைன்னு பையனைக் காட்டாமலும் இருக்கக் கூடாது. சகோதரி, பார்க்கிறதுக்குக் கோர்ட் நாள் குறிச்சிருந்தா ஒரு நாள்கூடத் தவற விடாதீங்க. எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல அதைத்தான் எடுப்பார்.

மழைக்காலம்:
ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்னு இருக்கு. நான் அனுப்பத் தயார், இவர்தான் வர்றதில்ல. கடைசியா ஒண்ணு: ஜெயில்ல போட்டா பாக்கி தீர்ந்துடும்னு அவர் அண்ணன் சொல்றார்.

பழைய வாய்தா:
தீராது. வாரண்டுக்கும் கட்டலைன்னா, கட்டாத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரை சிறைன்னு சட்டம் சொல்லுது. அது கட்ட வைக்கிற வழி, கடனுக்கு ஈடு இல்ல. உள்ள இருந்துட்டு வந்தாலும் பாக்கி அப்படியேதான் நிக்கும். இதை 1988-லயே உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு.

வராத ஞாயிறுகளைத் தேதியோட குறிச்சு வைங்க. ஆணையோட சான்றிட்ட நகலுக்கு முதல்ல அப்ளை பண்ணுங்க. மனுவுல அவரோட வீட்டு விலாசம், இப்ப வேலை பார்க்கிற இடம் தெரிஞ்சா அதுவும், ரெண்டும் இருக்கட்டும். விலாசம் சரியில்லன்னு நோட்டீஸ் திரும்பி வந்தே பாதி வாய்தா போயிடும்.