நாளைக் காலை கிராம சபை

மேலத்தெரு சொந்தங்கள் குழு

மார்ச் 21, இரவு

டீச்சர் அக்கா: நாளை 11 மணிக்குப் பள்ளிக்கூடத் திடலில் கிராம சபை. உலகத் தண்ணீர் தினக் கூட்டம். நம் தெருக் குழாய் விஷயத்தைப் பேச, இதை விட்டால் அடுத்தது மே 1 தான்.

கடைசி வீட்டு அத்தை: பேசி என்னம்மா ஆச்சு? இன்றைக்கும் நாலு குடம்தான் வந்தது. அதுவும் கலங்கல், சாக்கடை வாடை. பேத்திக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு.

பெரியப்பா: போன தடவை நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான். நாம் பேசியது தீர்மானத்தில் ஏறவே இல்லை.

டீச்சர் அக்கா: அதனால்தான் இந்த முறை எழுதிக்கொண்டு போகிறோம் பெரியப்பா. கலைவதற்கு முன்னால் தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லுவோம்.

ஐடிஐ தம்பி: ஊரில் 2,700 பேர் இருக்கிறோம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால் வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் யாரும் பேசலாம்.

சித்தி: களை எடுக்கப் போகிறேன், 11 மணிக்குள் கரையேறி வந்துவிடுகிறேன்.

ஐடிஐ தம்பி: இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டியைக் கழுவினால் மட்டும் போதாது. குழாயில் நேராக மோட்டார் வைத்து இழுத்தால் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சிவிடும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அதை அத்தை வீட்டு வாசலிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுவோம்.

மளிகைக்கடை அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மளிகைக்கடை அண்ணன்: என் வீட்டிலும் மோட்டார் இருக்கிறது அத்தை. மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வைத்தேன். குழந்தைக்கு இப்படி ஆகும் என்று தெரியாமல் போச்சு. விடிந்ததும் கழற்றிவிடுகிறேன்.

கடைசி வீட்டு அத்தை: சரி ராசா. நாளைக்கு நீயும் வந்து என் பக்கத்தில் நில்லு.

மளிகைக்கடை அண்ணன்: கடையைச் சாத்திவிட்டு வருகிறேன்.

மார்ச் 22, மாலை

பெரியப்பா: வராதவர்களுக்காகச் சொல்கிறேன். 112 பேர் வந்திருந்தோம். முதலில் 'குடிநீர்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது' என்று ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள். வாசிக்கச் சொன்னதால்தான் அது தெரிந்தது. டீச்சர் விடவில்லை. மேலத்தெருவில் பழைய குழாயை மாற்றுவது, குழாய் மோட்டார்களை அகற்றுவது, கடைசி வீட்டில் குளோரின் சோதனை என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

டீச்சர் அக்கா: தானே எழுந்து 'என் வீட்டு மோட்டாரைக் கழற்றிவிட்டேன்' என்று அண்ணன் சொன்னாரே, அதற்கப்புறம் யாருமே மறுத்துப் பேசவில்லை. தீர்மானத்தின் நகல் கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.

சித்தி: எங்கள் வீட்டு மோட்டாரும் இறங்கிவிட்டது.

கடைசி வீட்டு அத்தை: இன்றைக்கு ஒன்பது குடம் பிடித்தேன். கலங்கல் இன்னும் போகவில்லை, பேத்திக்குக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்.