கலியாண கசெட்டைக் கொப்பி பண்ண விடாத கருவி: யாராவது உதவுங்கள்

வணக்கம், ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். அம்மா அப்பாவின் 1993 கலியாண விஎச்எஸ் கசெட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் பார்க்கிறேன். டெக்கில் இருந்து நேரே டிவிக்குக் கொடுத்தால் படம் ஓடுகிறது, மேல் விளிம்பு கொஞ்சம் நெளிகிறது, அவ்வளவுதான். யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாகப் போட்டால் ‘கொப்பி பண்ண அனுமதி இல்லை’ என்று நின்றுவிடுகிறது. அதுவும் சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில்!

தேடிப் படித்ததில், கசெட்டைக் கொப்பி பண்ண விடாமல் தடுக்கும் மெக்ரோவிஷன் என்ற பூட்டு பற்றித் தெரிந்தது. திரையில் தெரியாத கோடுகளில் பொய்த் துடிப்புகளைச் சேர்த்துவிடுவார்கள். பதிவு செய்யும் டெக், சிக்னல் அளவைத் தானாகச் சரிசெய்யப் போய் ஏமாந்துவிடும். கொப்பியில் படம் இருண்டு இருண்டு வெளுக்கும். டிவி பெரும்பாலும் ஏமாறாது. சரி, அதெல்லாம் கடையில் விற்ற சினிமாக் கசெட்டுகளுக்கு. எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு யார் பூட்டுப் போட்டது? பழைய நாடாவின் தள்ளாடும் சிக்னலையே சில கருவிகள் பூட்டு என்று தப்பாக எடுத்துக்கொள்ளுமாம். இந்த ஊர் ஈரத்தில் கசெட்டில் பூஞ்சணம் வேறு பிடித்திருந்தது.

சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் நுவரெலியா, கண்டிப் பக்கம் யாரிடமாவது வாடகைக்குக் கிடைக்குமா? டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டரை மாட்டிச் சமாளித்தவர்கள் இருந்தால், எந்த மாடல் என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் அம்மா அப்பாவின் கலியாண நாள்.